ஏரி நடுவில் வந்த அவசரம்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பேர் கப்பல்காரர். வைத்தவன் வாயில் புற்று வைக்க என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட தெருமுனையில் நின்று "கப்பல்காரர் வூடு எது?" என்றுதான் கேட்டார்கள்.

கப்பலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேப்பூர் ரோட்டில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கே ஒரு பழைய டவுன் பஸ்ஸைப் பிரித்து, அலுமினியத் தகடுகளை மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். பட்டறைக்காரர் இவருக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதம். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, தகட்டை மடக்கி, ரிவிட்டு அடித்து, அடி தட்டையாகவும் முன்பக்கம் கொஞ்சம் மூக்கு தூக்கினாற்போலவும் ஒரு படகைச் செய்துவிட்டார்கள். இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்காரலாம். மூன்றாவது ஆள் தும்மினால் கவிழ்ந்துவிடும். உள்பக்கத் தகட்டில் பஸ்ஸில் எழுதியிருந்த 'மகளிர்' என்ற எழுத்து அப்படியே இருந்தது.

"அதச் சொரண்டி எடுத்துடுங்க, பாக்குறவன் சிரிப்பான்" என்றேன்.

"இருக்கட்டும். என்னிக்காவது உன்ன ஏத்துறப்ப எடம் புடிக்கிற வேலை இல்ல பாரு" என்றார்.

வாய் முகூர்த்தம் என்று சொல்வார்கள். அது பலித்துத் தொலைத்தது.

நாங்கள் இரண்டு பேரும் விருத்தாசலத்தில் ஒரே செராமிக் கம்பெனியில்தான் வேலை செய்தோம். பொம்மை செய்கிற கம்பெனி இல்லை. கக்கூஸ் கோப்பையும் கை கழுவுகிற பேசினும் செய்கிற கம்பெனி. அவர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி வார்க்கிற ஆள். நான் வார்த்துக் காய்ந்ததை ஈரப் பஞ்சால் தேய்த்துப் பிசிறு எடுக்கிற கூட்டத்தில் ஒருத்தி. ஒரு நாளைக்கு அத்தனை கோப்பையைத் தடவித் தடவி அனுப்புகிறோமே, எங்கள் ஷெட்டில் பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது. சூளையில் வெடித்துப்போன கோப்பைகளைப் பின்னால் மலை மாதிரி குவித்திருப்பார்கள். அந்தக் குவியலுக்குப் பின்னால்தான் நாங்கள் போக வேண்டும். அதுவும் ஆம்பளைகள் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஒருத்தி காவலுக்கு நின்று. அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் தண்ணீர் குடிப்பதில்லை என்று எல்லாருமே பழகியிருந்தோம். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டினாலும் குடிக்க மாட்டோம். இதெல்லாம் வெளியில் சொல்கிற பேச்சா? அவரிடம்கூட நான் சொன்னதில்லை. ஆனால் அவருக்கும் கண் இருக்கிறதே.

அந்த வருஷங்களில் நல்ல மழை. எங்கள் பக்கத்து ஏரிகளெல்லாம் தளும்பி நின்றன. எங்கள் ஊருக்கும் நல்லூருக்கும் நடுவில் இருந்த ஒரு கிராமத்து ஏரியில் காணும் பொங்கலன்று தூண்டில் போட்டி வைப்பார்கள். ஏரி மீன் குத்தகைக்காரருக்குச் சொந்தம் என்பதால், பிடிக்கிற மீனை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. பிடித்த மீனை உயிரோடு தண்ணீரில் வைத்திருந்து, விசில் ஊதினதும் கரைக்குக் கொண்டுவந்து, ஏரிக்கரை அம்மன் முன்னால் கற்பூரம் காட்டி, எடை போட்டு, திரும்ப ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். மீன் செத்துப்போனால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. விசிலுக்கு முன்னால் கரையைத் தொட்டாலும் சேர்த்தி இல்லை. முன்னொரு காலத்தில் யாரோ தனியாகப் போய் முழுகிவிட்டார்களாம், அதனால் ஒரு தெப்பத்துக்கு இரண்டு பேர் கட்டாயம் இருக்க வேண்டும். ஜெயித்தவருக்கு ஒரு எவர்சில்வர் அண்டா தருவார்கள். மைக்கில் பேரைச் சொல்லி நாட்டாமை கையால் துண்டு போர்த்துவார்கள்.

எல்லாரும் லாரி டியூபிலும் வாழைமரத் தெப்பத்திலும் வருவார்கள். இவர் ஒருத்தர் மட்டும் அலுமினியப் படகில் பளபளவென்று போய் இறங்கினால் ஊர் பார்க்காமல் இருக்குமா? பார்த்தது. முதல் வருஷம் ரிவிட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, அவரும் சூளை பார்க்கிற அவருடைய கூட்டாளியும் மீன் பிடித்த நேரத்தைவிடத் தண்ணீர் இறைத்த நேரம்தான் அதிகம். அடுத்த வருஷம் அவர் வீசின தூண்டில் பக்கத்துத் தெப்பத்துக்காரரின் லுங்கியில் மாட்டிக்கொண்டது. மைக்கில் பேசினவன் சும்மா இருந்தானா? "நம்ம கப்பல்காரரு பெரிய லுங்கியா புடிச்சிருக்காரு, எடை போடலாமா?" என்று குழாய் ஒலிபெருக்கியில் கத்தினான். நான் கரையில் பொம்பளைகளோடு நின்றிருந்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நானும் சிரிக்கிற மாதிரி நடித்தேன். மானம் போயிற்று.

அவருக்கு அண்டா ஒரு பொருட்டே இல்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் நிலம் நீச்சு என்று இருக்கிறவர்கள். விசேஷங்களில் இவரைப் பார்த்தால் "என்னப்பா, கக்கூஸு கம்பெனி எப்பிடி ஓடுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பந்திக்குப் போய்விடுவார்கள். "ஒரே ஒரு தடவ, மைக்குல எம் பேரச் சொல்லணும். கப்பலு இல்ல, கக்கூஸு இல்ல. எம் பேரு" என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

மூன்றாவது வருஷம், போட்டிக்கு முதல் நாள் கம்பெனியில் சூளையை அடுக்கி முடிப்பதற்குள் கரண்டு போய்விட்டது. அது வந்து, அடுக்கி, தீ மூட்டும்போது ராத்திரியாகிவிட்டது. சூளை பற்றவைத்தாயிற்றென்றால் தீ பார்க்கிறவர் நகர முடியாது. சூடு ஏறுவதும் நிற்பதும் அவர் கண்ணில் இருக்கிறது. காணும் பொங்கல் காலையில் கூட்டாளி ஆள் அனுப்பினார், தன்னால் வர முடியாது என்று. இவர் படகை மினி வேனில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, வாசலில் அப்படியே குந்திவிட்டார்.

"இந்தா, நீ வர்றியா?" என்றார் திடீரென்று.

"என்னாது? நானா? பொடவயக் கட்டிக்கிட்டு தண்ணியில போயி குந்தணுமா? ஊரே சிரிக்கும்."

"ஊரு சிரிச்சிக்கிட்டுத்தான இருக்குது. புதுசா என்னா சிரிக்கப்போவுது?"

அந்தப் பேச்சில் எனக்குச் சுருக்கென்றது. நான் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தேன். படகின் மூக்கில் பொட்டு வைத்து, கற்பூரமும் நானே காட்டினேன். வெயிலுக்கு ஒரு குடையும் எடுத்துக்கொண்டேன். எழுந்ததிலிருந்து ஒரு மடக்கு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏரி நடுவில் மாட்டப்போகிறோமே என்ற முன்யோசனைதான். ரொம்ப கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குகிறவர்கள் அம்மனுக்குப் படைத்த பானகத்தைக் குடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஏரி ஆளைக் காவு கேட்கும் என்பார்கள். நாட்டாமையின் வீட்டு அம்மாதான் சொம்பில் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பொம்பள ஒருத்தி இந்த ஏரியில எறங்குறது இதான் மொத தடவ. அம்மாவுக்கு மனசு குளுந்துடும். குடி தாயி."

குடித்தேன்.

"ஒத்தப்படையில நிறுத்தக்கூடாது. இன்னொரு சொம்பு."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன செய்வது? சாமி காரியம். இரண்டாவது சொம்பையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். வெல்லமும் சுக்கும் நன்றாகத்தான் இருந்தது, சண்டாளப் பானகம்.

படகு கரையை விட்டு நகர்ந்ததுமே கரையில் நின்ற கும்பல் ஓவென்று கத்தியது. "கப்பலு கெளம்பிடுச்சி, டிக்கெட்டு எடுத்தாச்சா அண்ணி?" என்று ஒருத்தன். நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டேன். இவர் துடுப்பைப் போட்டு, நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர்களைத் தாண்டி, கோரை மண்டின ஒரு திட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நடு ஏரி. நான்கு பக்கமும் கரையில் தலைதலையாக ஜனம். புண்ணாக்கும் பொட்டுக்கடலை மாவும் பிசைந்து நானே உருட்டிக் கொடுத்த உருண்டையைத் தூண்டிலில் செருகி வீசினார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், மீன் போட்டு வைக்க ஒரு நீலத் தொட்டி. கம்பெனியில் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து எடுத்தது. அதில் ஏரித் தண்ணீர் மொண்டு வைத்திருந்தோம்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. காற்று வந்தது. பேச்சில்லாமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், வேலை இல்லாமல் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் உட்கார்ந்ததே கிடையாது என்று அப்போது தோன்றியது. அப்புறம் அடிவயிற்றில் லேசாக ஒரு கனம் தெரிந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தேன். பழக்கம்தானே, தாங்கும் என்று.

அப்போதுதான் மீன் மாட்டியது. தூண்டில் நரம்பு விர்ரென்று ஓட, படகு ஒரு பக்கம் சாய, நான் "ஐயோ அம்மா" என்று இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்து, விட்டுக்கொடுத்து, மறுபடி இழுத்து, கடைசியில் கைவலையால் அள்ளி எடுத்தார். கட்லா மீன். பெருத்த தலை, வாயைப் பொக் பொக்கென்று திறந்து மூடியது. தொட்டிக்குள் விட்டபோது வால் மடங்கித்தான் நின்றது. கரையிலிருந்தே பார்த்துவிட்டார்கள். "கப்பல்காரரு புடிச்சிட்டாருய்யா!" என்று மைக் கத்தியது. இவர் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு மீனின் தலையில் விட்டுக்கொண்டே, "இத அடிச்சிக்க ஆளு இல்ல. இன்னிக்கு இல்ல" என்றார். மீனிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

நான் சிரித்தேன். சிரித்தால் அடிவயிறு இழுத்தது.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதலில் காலை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பிறகு கரையை எண்ணிப் பார்த்தேன், எந்தப் பக்கம் கிட்டம் என்று. எந்தப் பக்கமும் கிட்டம் இல்லை. பிறகு தொடைகளை இறுக்கிக்கொண்டு, தெரிந்த சாமிப் பேரெல்லாம் சொன்னேன். அலை வந்து படகின் அடியில் சளக் சளக் என்று அடிக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்னும் மோசம். வேர்த்து ஊற்றியது.

"என்னா, மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்றார்.

"ஒண்ணுமில்ல. விசிலு எப்ப ஊதுவாங்க?"

"இன்னும் இருக்குது. ஏன், வெயிலு தாங்கலியா?"

"அதெல்லாம் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து என்னால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஏங்க, எனக்கு ஒண்ணுக்கு வருதுங்க" என்றேன். எங்களுக்குப் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். அதுவரை அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதில்லை.

அவர் கரையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சிக்கிட்டு இரேன். கரையத் தொட்டா மீனு போயிடும்" என்றார். குரலில் கெஞ்சல்தான், கோபம் இல்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு துண்டுக்கு ஆசைப்படுகிறான், அதை என் மூத்திரம் வந்து கெடுக்க வேண்டுமா என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. தலைவிதி!

ஒரு வழியும் இல்லை. விளிம்பில் குந்தினால் படகு கவிழும். எனக்கு நீச்சல் தெரியாது. படகுக்குள்ளேயே போகலாம் என்றால், காலையில் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினவள் நான். மீன் இருக்கிற தொட்டியிலேயே என்று ஒரு கணம் பாழும் மனசுக்குத் தோன்றியது. அந்த மீனைத்தான் அம்மன் முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். அடிப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழக்கூடப் பயம், அழுதால் வயிறு குலுங்கும்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கோப்பக் குவியலுக்குப் பின்னாடி நீங்கள்லாம் போயிட்டு வர்றத நான் பாக்காத மாதிரி இருக்கறன்" என்றார். "தெனம்."

சொல்லிவிட்டு எழுந்தார். தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். நான் "வாணாங்க, வாணாங்க" என்றேன். சத்தமாகச் சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா என்று இன்றைக்கும் தெரியாது. அவர் தொட்டியை ஏரியில் சாய்த்தார். கட்லா ஒரு தடவை புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டு உள்ளே போயிற்று. காலித் தொட்டியை என் காலடியில் வைத்தார். ஒரு பக்கம் கோரை மறைத்தது; மறுபக்கம் குடையை விரித்து எனக்கும் கரைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஏரியில எரும போவல? மாடு போவல? நீ போ" என்றார்.

போனேன். அந்தப் பிளாஸ்டிக் தொட்டியில் சத்தம் வேறு. அம்மாடி, அந்தச் சத்தம் நான்கு கரையும் கேட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. முடித்து, புடவையைச் சரி செய்துகொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்தேன். அவர் தொட்டியை வாங்கிக் கொட்டி, நாலைந்து தடவை கழுவி வைத்தார். மறுபடி உருண்டையைச் செருகித் தூண்டிலை வீசினார். விசில் ஊதுகிற வரைக்கும் ஒரு பொடி மீன்கூடக் கடிக்கவில்லை.

கரைக்கு வந்தோம். காலித் தொட்டியைப் பார்த்ததும் கூட்டத்தில் சலசலப்பு. மைக்கைப் பிடித்திருந்தவன் ஓடிவந்தான். "என்னா கப்பல்காரரே, நாங்கெல்லாம் கண்ணால பாத்தமே, அம்மாம் பெரிய மீனு. எங்க?"

"தவறி வுழுந்துடுச்சி" என்றார் இவர்.

லாரி டியூபில் எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்த ஒருத்தர் உடனே எழுந்தார். "பொய்யி. தவறியெல்லாம் வுழல. குடையப் புடிச்சி மறைச்சிக்கிட்டு ரெண்டு பேரும் என்னமோ பண்ணாங்க. நான் பாத்தேன்."

குத்தகைக்காரருக்கு அது போதும். மீன் அவருடையது அல்லவா? படகுக்குள் குனிந்து பார்த்தார், பலகையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு இவர் முன்னால் வந்து நின்றார். "கோரைக்குள்ள சாக்குல கட்டி சொருவிட்டியா? எல்லாரும் போனப்புறம் வந்து எடுத்துக்கலாம்னு?"

"அந்த மாதிரி ஆளு நான் இல்லீங்க."

"அப்ப குடைய எதுக்குப் புடிச்ச?"

"வெயிலுங்க."

"வெயிலுக்கு நின்னுக்கிட்டா புடிப்பாங்க? பொண்டாட்டிக்கு முதுகக் காட்டிக்கிட்டு?"

இவர் தரையைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ "மீன் திருடன்" என்றான். இன்னொருத்தன் "கக்கூஸு கம்பெனிக்காரனுக்கு புத்தி எங்க போவும்?" என்றான். நாட்டாமை கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கிவிட்டு, "ஏம்ப்பா, அம்மன் முன்னாடி நிக்கற. உண்மையச் சொல்லிடு. மீன என்னா பண்ண?" என்றார். மைக்குக்காரன் மைக்கை இவர் வாய்க்கு நேரே நீட்டினான்.

இவர் வாயைத் திறக்கவே இல்லை. திறக்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. அடித்துப் போட்டாலும் அப்படியேதான் நிற்பார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது, விடுவிடுவென்று முன்னால் போனேன்.

"மீன அவுரு திருடல. எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சி. அடக்க முடியல. போறதுக்கு வேற எடம் இல்ல. அந்தத் தொட்டி வேணும்னு மீனக் கொட்டிட்டாரு. போதுமா?"

மைக் அங்கேதான் இருந்தது என்பதை நான் மறந்துவிட்டேன். பனைமரத்தில் ஒன்று, கோயில் கூரையில் ஒன்று, ஊருக்குள் பால் சொசைட்டி பக்கம் ஒன்று என்று குழாய் கட்டியிருந்தார்கள். "ஒண்ணுக்கு வந்துச்சி" என்று என் குரல் ஏரியைச் சுற்றிப் போய்த் திரும்பி என் காதுக்கே வந்தது. நல்லவேளை, அப்போது செல்போன்காரர்கள் கையில் டார்ச் லைட்டு போன்தான் இருந்தது; படம் பிடிக்கிற போன் யாரிடமும் இல்லை.

அப்புறம் எங்கேயோ ஒருத்தன் பொத்துக்கொண்டு சிரித்தான். அதோடு கரை முழுக்கச் சிரித்தது. பூமி பிளந்து உள்ளே போகமாட்டேனா என்று நின்றேன்.

நாட்டாமை வீட்டு அம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். "எதுக்குடா இளிக்கிறீங்க? ரெண்டு சொம்பு குடுத்தது நானு. காலையிலேர்ந்து இந்தக் கரையில பொம்பளைங்க நிக்கிறமே, நாங்க எங்கடா போவோம்? ஒருத்தனாச்சும் யோசிச்சீங்களா?" என்று கத்தினார்கள். பின்னாலிருந்த பொம்பளைகள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்காகப் பேசினார்கள், நல்ல மனுஷி. ஆனால் அவர்கள் பேசப் பேச எனக்கு இன்னும் கூசியது. குத்தகைக்காரர் தொண்டையைச் செருமி, "சரி சரி, போங்க" என்றார். மைக்குக்காரன் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டான். யாரோ ஒருத்தருக்குத் துண்டு போர்த்தினார்கள்.

மினி வேனில் வீடு வந்து சேரும் வரை இவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவருக்காகப் பேசினேன், ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். படகை இறக்கி வீட்டின் பின்னால் கவிழ்த்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏன் சொன்ன?"

"திருடன்னு சொன்னானுங்களே, கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போறானுங்க. ஒரு மாசத்துல மறந்துடுவானுங்க. இத மறப்பானுங்களா?"

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "நல்லது செஞ்சவளுக்கு இதான் கூலி" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. மறக்கவில்லை. மறுநாள் ஷெட்டில் என்னோடு பஞ்சு போடுகிறவர்கள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்கள். அவர்களிலும் ஒருத்தி, நான் கோப்பைக் குவியலுக்குப் பின்னால் போகும்போது, "மைக்குல சொல்லிட்டியா?" என்று கேட்டாள். எனக்குக் காவல் நிற்கிறவளே அவள்தான். சந்தைக்குப் போனால், பஸ் ஸ்டாண்டில் நின்றால், அந்தக் கிராமத்து ஆள் யாராவது என்னைக் காட்டி இன்னொருத்தன் காதில் சொல்வான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்துவிடுவேன். வாய்க்கு வாய் பேசுகிற எனக்கு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் வரவில்லை. இவரும் அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. போட்டிக்கும் போகவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும். ஒரு வேண்டுதலுக்காக ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய்விட்டு, இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற ஒருத்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஊர்க்காரன்தான், முகம் தெரியும். பக்கத்திலிருந்தவனை இடித்தான்.

"கண்டக்டரே, வண்டிய எங்கியாச்சும் ஓரங்கட்டுங்க. கப்பல்காரரு வூட்டு அண்ணி வந்திருக்காங்க, அவசரமா இருக்கப்போவுது" என்று சத்தமாகச் சொன்னான்.

தெரிந்தவர்கள் நாலு பேர் சிரித்தார்கள். தெரியாதவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். பின் சீட்டில் கதையை ஆரம்பித்துவிட்டார்கள், ஏரியாம், படகாம், தொட்டியாம். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை.

பக்கத்தில் இவர் எழுந்து நின்றார்.

"கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க. எனக்கு ஒண்ணுக்கு வருது."

பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். கண்டக்டர், "அடுத்த ஸ்டாப்புல போயிக்கலாமே, பெரியவரே" என்றார்.

"அடக்க முடியல. போறதுக்கு வேற எடம் இல்ல. நிறுத்துங்க."

விசில் அடித்தார்கள், பஸ் நின்றது. இவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கி, ரோட்டோரத்தில் போய், பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். ஜன்னல்களில் எல்லாம் தலை. இப்போது அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவர் அசையாமல், நிதானமாக, ரொம்ப நேரம் நின்றார்.

ஸ்ரீமுஷ்ணத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால்தான் அவர் போய்விட்டு வந்திருந்தார். நான்தானே அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.